ஒரே படம், இரண்டு பச்சை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வழியெங்கும் தொழிற்சாலைகள். அவற்றின் மதில்களுக்கு அப்பால் இன்னும் நெல்வயல்கள் உண்டு. அப்பகுதி மாணவர் ஒருவர் என்னிடம் இரண்டு தாள்களைக் கொண்டுவந்தார். இரண்டிலும் ஒரே படம்: நெல்லுக்கான இலை வண்ண அட்டை. வீட்டு அச்சுப்பொறியில் ஒன்றைச் சாதாரணத் தாளிலும், மற்றதைப் பளபளப்பான புகைப்படத் தாளிலும் அச்சிட்டிருந்தார். பச்சைகள் ஒத்துப்போகவில்லை. "சார், அப்பாவிடம் எதைக் கொடுப்பது?" என்று கேட்டார்.

இது சிறிய கேள்வியன்று. அந்த அட்டையில் இளம்பச்சை முதல் கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் உள்ளன. இலையின் நிறம் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருந்தால் தழைச்சத்து இடவேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற இரகங்களுக்கு 4 என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அச்சில் பட்டை கறுத்துவிட்டால் நல்ல இலையும் வெளிறியதாகத் தோன்றும். தேவையற்ற யூரியா வயலுக்குப் போகும், பணம் வீணாகும், பூச்சி பெருகும், பயிர் சாயும்.

நிறம் ஏன் மாறுகிறது? அச்சு மையை ஒரு வடிகட்டியாக எண்ணிக்கொள்ளுங்கள். சயான் மை சிவப்பொளியை உட்கவர்கிறது. மஞ்சள் மை நீலத்தை உட்கவர்கிறது. எஞ்சுவது பச்சை. ஒளி மையைக் கடந்து, தாளில் பட்டுத் திரும்பி, மறுபடியும் மையைக் கடந்தே நம் கண்ணை அடைகிறது. ஆகவே நாம் காணும் நிறத்தில் தாளுக்கும் பங்குண்டு.

சாதாரணத் தாளின் இழைகள் மையை உறிஞ்சிப் பரப்புகின்றன. கரடான மேற்பரப்பு வெள்ளொளியை எல்லாத் திசைகளிலும் சிதறச் செய்கிறது, நிறம் மங்குகிறது. புகைப்படத் தாளின் நுண்துளைப் பூச்சு மையை மேற்பரப்பின் அருகிலேயே நிறுத்துவதால் நிறம் செறிவாகிறது. இன்னொரு காரணமும் உண்டு. தாளை வெண்மையாக்கச் சேர்க்கும் ஒளிர்பொருள்கள் புற ஊதாக் கதிரை ஏற்று நீல ஒளியாக வெளியிடுகின்றன. அதனால் வெயிலில் ஒரு வெண்மை, குண்டு பல்பின் அடியில் வேறொரு வெண்மை!

இதே சிக்கல் கார் ஆலைகளிலும் உண்டு. காரின் கதவு எஃகு, பம்பர் பிளாஸ்டிக். வர்ணம் பூசிய இரண்டும் ஒரே நிறமாகத் தெரியவேண்டும். அங்கே கண்ணை மட்டும் நம்புவதில்லை. நிறமாலை ஒளிமானியால் அளக்கிறார்கள். 1976-இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் வகுத்த முறையில் ஒவ்வொரு நிறமும் மூன்று எண்களாகிறது: வெளிர்மை எவ்வளவு, சிவப்பா பச்சையா, மஞ்சளா நீலமா. அச்சுக்கலைஞர்களும் இவ்வாறே ஒவ்வொரு தாளிலும் நூற்றுக்கணக்கான வண்ணக் கட்டங்களை அச்சிட்டு அளந்து, அந்தத் தாளுக்கென ஒரு திருத்த அட்டவணை தயாரிக்கிறார்கள். அதற்கு 'புரொஃபைல்' என்று பெயர்.

ஒளிமானி இல்லாத வீட்டில் என்ன செய்யலாம்? அச்சிடுமுன், 'தாளின் வகை' என்ற இடத்தில் உண்மையில் வைத்திருக்கும் தாளையே தேர்ந்தெடுங்கள். மையின் அளவும் திருத்த அட்டவணையும் அதைப் பொறுத்தே அமைகின்றன. கணினியும் அச்சுப்பொறியும் தனித்தனியே நிறத்தைத் திருத்த விடாதீர்கள், ஒன்று போதும். முதலில் சிறு துண்டில் அச்சிட்டு, ஒரு நாள் உலரவிட்டு, பகல் நேரத்தில் நிழலில் மூலத்தின் அருகே வைத்து ஒப்பிடுங்கள். வயலிலும் இலையை நம் உடலின் நிழலில் வைத்தே பார்க்கச் சொல்கிறார்கள். காரணம் இப்போது புரிகிறதல்லவா?

இவ்வளவும் செய்தால் குடும்பப் படத்தில் அம்மாவின் புடவை அதன் சொந்த நிறத்தில் வரும். ஆனால் வண்ண அட்டை படமன்று. அது ஓர் அளவுகோல். அளவுகோலை ஒளிநகல் எடுத்து நீளம் அளப்போமா? அந்த மாணவருக்கு நான் சொன்ன விடையும் அதுதான்: "இரண்டையும் கொடுக்காதே, வேளாண் துறையிடம் அசல் அட்டையைக் கேட்டு வாங்கிக் கொடு."