கூடையை மேசைமேல் வைப்போம்!

"பிள்ளைகள் செய்து படிக்கட்டும்" என்று யாராவது சொன்னால் போதும், நம் தோழர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். "மீண்டும் குலக்கல்வியா?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான்! 1953இல் ராஜாஜி ஆட்சி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் அரை நாள் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. தமிழகம் கொதித்தது. 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நெருங்காது. ஆனால் அடுப்பே வேண்டாம் என்றால் சோறு ஏது, தோழர்களே?

ஏற்காட்டுக்கு வாருங்கள். 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்ற வெள்ளையர் காப்பியைக் கொண்டுவந்த சேர்வராயன் மலை அது. அங்கே நூறாண்டு கண்ட கான்வென்ட்டுகள் உண்டு. வெளியூர்ச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். காப்பிப் பழம் பறிப்பவரின் பிள்ளைக்கும், மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்கும் கதி அரசுப் பள்ளி. ஆசிரியர் சொல்வார், பிள்ளை எழுதும், மனப்பாடம் செய்யும். சன்னலுக்கு வெளியே நிற்கும் காப்பிச் செடி பாடத்துக்குள் வருவதேயில்லை.

அந்த வகுப்பில், "நம் மலைக் காப்பிக்கு விலை வைப்பது யார்?" என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதட்டும். பிள்ளைகள் குழுக்களாகப் பிரியட்டும். ஒரு குழு மழைமானி செய்து, செடியைப் பூக்கவைக்கும் கோடை மழையை அளக்கும், அது புவியியல். ஒரு குழு ஆறு கிலோ பழத்தைத் தோல் நீக்கி உலர்த்தினால் ஏறக்குறைய ஒரு கிலோ கொட்டைதான் தேறும் என்று காணும், அது கணக்கு. ஒரு குழு, வீடும் மருத்துவமும் தரவேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னதையும், லைன் வீடுகளில் கண்டதையும் ஒப்பிடும், அது குடிமையியல். முடிவில் பெற்றோர் முன் நின்று எடுத்துரைப்பார்கள். இதைத்தான் 'புராஜெக்ட் முறை' என்று 1918இல் அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் எழுதினார்.

குலக்கல்விக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை! அது அப்பனின் கூடையைப் பிள்ளையின் தோளில் மாட்டியது. இது அந்தக் கூடையை மேசைமேல் வைத்து, "இதற்குக் கூலி ஏன் இவ்வளவு?" என்று கேட்கச் சொல்கிறது. தோட்ட முதலாளியின் பிள்ளையும் அதே கேள்விக்கு விடை தேட வேண்டும்.

ஆனால் ஏமாறக் கூடாது. 2012இல் தமிழகப் பள்ளிகளில் முப்பருவ முறை வந்தபோது, செயல்பாடுகளுக்கும் மதிப்பெண் ஒதுக்கினார்கள். நல்ல நோக்கந்தான். நடந்தது என்ன? பல இடங்களில் கடையில் விற்ற படங்களை வாங்கி அட்டையில் ஒட்டியதே புராஜெக்ட் ஆயிற்று! பிள்ளையின் அறிவை அளக்கவில்லை. அப்பனின் சட்டைப் பையை அளந்தார்கள்.

ஆகவே நாம் கேட்பது இது. வேலை பள்ளி நேரத்துக்குள் நடக்கட்டும். பொருளை அரசு தரட்டும். மலைப் பள்ளிக்கு ஆசிரியர் குறைவின்றி வரட்டும். பொதுத் தேர்வும் மனப்பாடத்தை விட்டுச் சிந்தனையைக் கேட்கட்டும். எந்தப் பெயரிலும் பிள்ளையைத் தோட்டத்தில் கூலியில்லா வேலைக்கு விடக் கூடாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. தோழர்களே, அடுத்த கூட்டத்தில் காலி நாற்காலியாக இராதீர்கள். போய் உட்காருங்கள், கேளுங்கள். கேள்வி கேட்கப் பழகிய பிள்ளையை எந்தக் கூடையும் கட்டிப்போடாது!