ஒரு வாளி யப்பான்

"சுவாமி, வாய்க்காலிலை பிடிச்ச யப்பான் குஞ்சு. நாளைக்குச் சரவணைக்குக் கொண்டுபோறன். எங்கட குளத்திலை விட்டால் பேரப்பிள்ளையளுக்கு மீனுக்குக் குறையிராது."

கிளிநொச்சியில் எம்மிடம் இப்படிக் கூறிய பெரியவர் 1990-களின் தொடக்கத்தில் தீவகத்தை விட்டு வெளியேறிய புகையிலைத் தோட்டக்காரர். ஓராவும் ஒட்டியும் தின்ற வாய்க்குக் குளத்து மீன் முதலில் பிடிக்கவில்லை. சேற்று மணம் என்று முகஞ்சுளித்தவர்களில் அவரும் ஒருவர். ஆயினும் இடம்பெயர்ந்த ஆண்டுகளில் எமது பிள்ளைகள் பலரின் சோற்றுக்குக் கறியானது அந்த மீன்தான். அதை நாம் மறக்கவில்லை.

யப்பான் என்று நம்மவர் அழைக்கும் திலாப்பியா யப்பான் நாட்டு மீனன்று, ஆபிரிக்க மீன். 1952இல் உணவுக்கென இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் சேதம் குறைவு. வருடத்தில் பலமுறை பெருகும். ஆண்மீன் குளத்தின் அடியைக் குழியாகக் கிண்டும். உவர்நீரிலும் வாழும். வன்னியின் பெருங்குளங்களில் இதை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அங்கே அது இருக்கட்டும். ஆனால் தீவகத்து மழைக்குளம் சிறியது. அங்குள்ள விரால், குறவை, கெளிறு ஆகியவற்றுக்கு இரையும் இடமும் கொஞ்சமே. வந்த மீன் பெருகிவிட்டால், குளம் முற்றாக வற்றினாலன்றி அதைப் போக்குவது அரிது.

வடமேல் மாகாணத்துத் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். தாய்லாந்து, இந்தோனேசியாப் பக்கத்துப் பெருவிரால் ஒன்று அங்கே பெருகி, ஏனைய மீன்களை விழுங்குவதாக 2025இல் மீனவர் முறையிட்டனர். முன்னர் ஒரு கிலோவைத் தாண்டாத விரால் கிடைத்த இடத்தில் இப்போது 7 கிலோ மீன் அகப்படுகிறது. அலங்கார மீன்களோடு வந்து, வளர்த்தவர்கள் நீரில் விட்டிருக்கலாம் என்பது துறைசார்ந்தோர் கருத்து. அதைப் பிடித்துக் கருவாடாக்கி விற்கின்றனர் அப்பகுதி மக்கள். நல்ல வழிதான். ஆனால் ஒரு பயமும் உண்டு: விலைபோகிற மீனை யாரோ ஒருவர் அடுத்த குளத்திலும் விடுவார். நமது பெரியவரின் வாளியும் அந்த வகைதானே!

ஆகவே பிடியுங்கள், உண்ணுங்கள், உயிரோடு கொண்டுபோகாதீர்கள். வேண்டாத சிறுகுளத்தில் அகப்பட்டால், 'வளரட்டும்' என்று குஞ்சைத் திரும்ப விடவும் வேண்டாம். (பெருங்குளங்களில் வலைக்கண் பற்றிய சங்க விதிகளை மீறச் சொல்லவில்லை.) சேற்று மணம் போவதற்கு, வெட்டியவுடன் செவிளையும் வயிற்றின் கருந்தோலையும் நன்கு நீக்கி, உப்பும் பழப்புளியும் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரிக்கலாம். பெரியவற்றைக் கீறி உப்பிட்டுக் காயவைக்கலாம்.

பெரியவர் வெகுநேரம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இதை என்ன செய்யிறது, சுவாமி?" என்றார். அவருடைய மனைவியார் பதில் சொல்லாமல் வாளியைக் குசினிக்குள் எடுத்துச் சென்றார். அன்றிரவு முள்ளும் மொறுமொறுக்கப் பொரித்து வந்ததைப் பெரியவர் மூன்று தரம் கேட்டு வாங்கினார்.