ஆசிரியரின் தகுதியைக் கேட்பது அவமரியாதை அல்ல

எங்கள் தெருவில் ஒரு பையன் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். அவனுடைய தமிழ் நோட்டை அவன் அம்மா கொண்டுவந்து காட்டினார். 'பரவைகள் வானத்தில் பரந்தன' என்று எழுதியிருந்தான். பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய டிக், கீழே 'குட்'. அந்த ஆண்டில் அந்த வகுப்புக்கு வந்த மூன்றாவது மிஸ் போட்ட டிக் அது.

"பள்ளியில் போய்க் கேட்க வேண்டியதுதானே?" என்றேன்.

"மிஸ்ஸைப் போய் என்னன்னு கேக்குறதுங்க? அப்புறம் அந்தக் கோபத்தைப் பிள்ளைமேல காட்டிட்டா?" என்றார்.

இந்தத் தயக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் கேட்கும் உரிமையைச் சட்டம் எப்போதோ கொடுத்துவிட்டது.

சட்டம் சொல்லும் தகுதி

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. அதன் 23-ஆவது பிரிவின்படி, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுத்த குறைந்தபட்சத் தகுதி இல்லாதவரை ஆசிரியராக நியமிக்கக் கூடாது. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். சிறுபான்மைப் பள்ளிகள் குறித்த கேள்வியை மட்டும் உச்ச நீதிமன்றம் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கத் தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் பயிற்சி வேண்டும். ஆறு முதல் எட்டு வரை பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் வேண்டும். இரண்டுக்கும் டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும். 150 மதிப்பெண்ணுக்கு நடக்கும் இத்தேர்வில் 60 விழுக்காடு தேர்ச்சி. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மாநிலங்கள் சலுகை தரலாம். பி.எட். முடித்தவர் எந்த வகுப்புக்கும் பாடம் எடுக்கலாம் என்ற எண்ணம் தவறு. தொடக்க வகுப்புக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதித் தீர்ப்பு, ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கும் டெட் தேர்ச்சியைக் கட்டாயமாக்கியது. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் தந்தது.

தகுதியோடு கடமையும் இருக்கிறது. நேரம் தவறாமல் வருவது, பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடிப்பது, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் கணித்துப் பின்தங்கியவருக்குக் கூடுதலாகக் கற்பிப்பது, பெற்றோரைக் கூட்டி முன்னேற்றத்தைச் சொல்வது ஆகியவை 24-ஆவது பிரிவில் உள்ளன. ஆசிரியர் தனியாக டியூஷன் எடுப்பதை 28-ஆவது பிரிவு தடுக்கிறது.

கவனிக்காவிட்டால்

பயிற்சி இல்லாத ஒருவரைக் குறைந்த சம்பளத்துக்கு அமர்த்தினால் பள்ளிக்குச் செலவு மிச்சம். நல்ல சம்பளம் கிடைக்கும் இடத்துக்கு அவரும் போய்விடுவார். நடுவில் நட்டப்படுவது குழந்தை. ர, ற வேறுபாடு மூன்றாம் வகுப்பில் பிடிபடாவிட்டால், எட்டாம் வகுப்பில் அவன் வரலாற்றுப் புத்தகத்தையும் தடுமாறித்தான் படிப்பான். 'மக்கு' என்ற பெயர் அவனுக்கு வந்து சேரும். தவறு அவனுடையது அல்லவே!

என்ன செய்யலாம்?

முதலில் நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். சரியாகாவிட்டால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள்.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் பேசி, பேசியதைத் தீர்மானமாகப் பதியச் செய்யுங்கள்.

அடுத்து, வட்டாரக் கல்வி அலுவலர் அல்லது மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கலாம். குழந்தையின் உரிமை தொடர்பான எழுத்துப்பூர்வப் புகாரை உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்கிறது 32-ஆவது பிரிவு. முடிவில் நிறைவு இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

நியமன விவரம் வேண்டுமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தனியார் பள்ளி என்றால், கல்வி அலுவலகத்தில் அப்பள்ளி ஒப்படைத்த ஆவணங்களைக் கேளுங்கள். வழிகாட்டுதலுக்குத் தமிழகப் பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண் உண்டு.

பழிவாங்கும் பயம் இருந்தால் நாலைந்து பெற்றோராகச் சேர்ந்து கையெழுத்திடுங்கள். குழந்தையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. அப்படி நடந்தால் 1098-ஐ அழையுங்கள்.

ஆசிரியர் பக்கமும் நியாயம் உண்டு

தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வெளிவேலை தரக் கூடாது என்பதும் விதி. காலியிடத்தை நிரப்பாமல், பயிற்சி தராமல் ஆசிரியரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அரசையும் கேள்வி கேட்க வேண்டும். விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஆசிரியரின் பெயரைப் போட்டு வசைபாடாதீர்கள். மனுவில் எழுதுங்கள்.

அந்த அம்மா மறுவாரம் நோட்டோடு பள்ளிக்குப் போனார். கூட இன்னும் மூன்று அம்மாக்கள், ஆளுக்கொரு நோட்டோடு.