மருதானையில் இறங்கும் பெண்கள்

கொழும்புக்கு வரும் புகையிரதப் பாதைகள் எல்லாம் மருதானையைத் தொட்டுத்தான் செல்கின்றன. ராகமை, கம்பஹா பக்கமிருந்து வருவோரும், காலிப் பக்கக் கரையோரப் பாதையில் வருவோரும், நுகேகொடையிலிருந்து களனிவெளிப் பாதையில் வருவோரும் காலையில் இங்கே இறங்குகிறார்கள். 1917இல் கோட்டை நிலையம் வரும் முன்னர் கொழும்பின் பிரதான நிலையமே மருதானைப் பக்கந்தான் இருந்தது.

எமது சகோதரிகள் பலருக்கு இந்த நிலையம் வேறு நினைவுகளைத் தருகிறது. 1996 ஜூலை 24ஆம் திகதி தெஹிவளையில் வேலைவிட்டு வந்தோர் நிறைந்த புகையிரதத்தில் குண்டு வெடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தக் காலங்களில் தமிழ்ப் பெண்ணுக்கு மேடையில் நிற்பதென்றால் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நிற்பதுதான். 2009இல் போர் முடிந்தது. ஆனால் கால்கள் இன்னும் தயங்குகின்றன.

வன்னியிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கிய ஒரு தாய்க்கு மருதானையில் தையல் வேலை கிடைத்தது. இரண்டு பிள்ளைகள், கணவர் இல்லை. "கோச்சியில என்னால ஏலாது மிஸ், சிங்களமும் விளங்காது, எங்க இறங்கிறதெண்டும் தெரியாது" என்றார். பயம் வேண்டாம் என்று சொல்வதில் பயனில்லை. நிலையங்களை எண்ணிக் காட்டினேன். வெள்ளவத்தையில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, தலைமைச் செயலக நிலையம், கோட்டை, ஆறாவது மருதானை. கொள்ளுப்பிட்டி வரை இடப்பக்கம் கடல் கூட வரும். கடல் மறைந்தால் பாதித் தூரம் ஓடிவிட்டது. சில வண்டிகள் கோட்டையோடு நின்றுவிடும், ஏறுமுன் "மருதானையா?" என்று கேட்டால் போதும். மூன்று நாள் கூடப் போனேன். நாலாம் நாள் தனியே போனார். இப்போது அவரிடம் மாதப் பருவச்சீட்டு இருக்கிறது. பஸ் காசை விட மிச்சம் என்று கணக்கும் சொல்கிறார்!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெரிசலில் உரசுவோர் எல்லா இனத்திலும் உண்டு. பஸ்ஸிலும் புகையிரதத்திலும் பாலியல் தொந்தரவுக்கு உள்ளானதாக 90 வீதமான பெண்கள் கூறியதை ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆய்வொன்று 2017இல் வெளியிட்டது. பொலிஸை நாடியவர்களோ 4 வீதந்தான். மும்பையில் 1992இலேயே பெண்களுக்கெனத் தனிப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. டோக்கியோவிலும் நெரிசல் நேரங்களில் பெண்களுக்குத் தனிப்பெட்டிகள் உண்டு. எமக்கு அது வழமையாகும்வரை, கூட்டமாகப் பெண்கள் நிற்கும் பெட்டியில் ஏறுங்கள். கைப்பையை முன்னால் பிடியுங்கள். எவராவது தொட்டால் சத்தமிடுங்கள்; பாஷை தேவையில்லை, திரும்பிப் பார்ப்பார்கள். இது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்கீழ் குற்றம், ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அதைத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் அம்மாமாருக்குப் பிள்ளைகள் பதிந்து கொடுக்கலாம்.