மோட்டாருக்கு எட்டாத தண்ணி

கிணத்துத் தண்ணி 40 அடி ஆழத்துல கிடக்குன்னு வெச்சுக்குங்க. கரைமேல 10 ஹெச்பி மோட்டாரை மாட்டி, பைப்பை உள்ள விட்டு, சுவிட்சைப் போடுறீங்க. ஒரு சொட்டு வராது. மோட்டார்ல ஒரு கோளாறும் இல்லை.

பம்புகளைப் புரிஞ்சுக்க இந்த இடம்தான் சரியான ஆரம்பம். கரைமேல இருக்குற பம்பு பைப்புக்குள்ள அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். தண்ணியை மேல ஏத்துறது கிணத்துத் தண்ணிமேல அழுத்திக்கிட்டிருக்குற வெளிக்காத்து. 1643-ல இத்தாலியில டாரிசெல்லிங்கிற விஞ்ஞானி பாதரசக் குழாயைக் கவுத்துப் பார்த்தப்போ, வெளிக்காத்தால சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் பாதரசத்தைத் தாங்க முடிஞ்சுது. பாதரசம் தண்ணியைவிட 13.6 மடங்கு கனம். பெருக்கிப் பாருங்க, தண்ணிக்குச் சுமார் 34 அடி. உராய்வு, கசிவெல்லாம் போக 25 அடி தாண்டுறதே பெரும்பாடு. அதனாலதான் நம்ம ஊர்க் கிணறுகளுக்குள்ள திட்டு கட்டி மோட்டாரை வெச்சாங்க. தண்ணி இறங்க இறங்க மோட்டாரையும் கயிறு கட்டி இறக்கினாங்க.

வீட்டு அடிபம்புக்கும் இதே எல்லைதான். கைப்பிடியை அமுக்கினா, தோல் வாஷர் மாட்டின பிஸ்டன் உள்ள மேல ஏறும். அதுக்குக் கீழே அழுத்தம் குறையும். காலையில ஒரு சொம்பு தண்ணி ஊத்தி அடிக்கிறது எதுக்கு? காஞ்சு சுருங்கின தோல் ஊறி, காத்து நுழையுற சந்தை அடைக்க.

தெருவுல நிக்கிற இந்தியா மார்க் 2 பம்பு வெளியில பார்க்க அதே மாதிரி இருந்தாலும், அதோட பிஸ்டன் போருக்குள்ள, தண்ணிக்குள்ளயே இருக்கு. நீளக் கம்பியில தொங்கிக்கிட்டு தண்ணியைத் தூக்கிட்டு வருது. அதனால 100 அடி ஆழத்துத் தண்ணியும் கைக்கு வருது. எனக்கு ரொம்பப் பிடிச்ச கருவி இது.

கரைமேல வெக்கிற மோனோபிளாக் மோட்டார்ல பிஸ்டன் கிடையாது. இம்பெல்லர்ங்கிற இறக்கைச் சக்கரம் வேகமாச் சுத்தித் தண்ணியை ஓரத்துக்கு வீசும். நடுவுல அழுத்தம் குறைஞ்ச இடத்துக்கு அடுத்த தண்ணி ஏறி வரும். ஆனா காத்து தண்ணியைவிட சுமார் 800 மடங்கு லேசு. அதை வீசி ஒண்ணும் ஆகாது. ‘ஏர் பிடிச்சிருச்சு’ன்னு தண்ணி ஊத்தி நிரப்புறது இதுக்காகத்தான். ஊத்துற தண்ணி நிக்காம இறங்கிக்கிட்டே இருந்தா, பைப்போட அடியில இருக்குற ஃபுட்வால்வைக் கழட்டிப் பாருங்க. பெரும்பாலும் குப்பை சிக்கியிருக்கும்.

ஜெட் மோட்டார், ஏத்தின தண்ணியில ஒரு பங்கை இன்னொரு பைப்புல கீழே அனுப்பி, அந்தப் பாய்ச்சலால போர்த் தண்ணியை மேல தள்ளும். ஆழம் கூடும், வரத்து குறையும்.

ஆழமான போருக்கு சப்மெர்சிபிள்தான். ஒரு இம்பெல்லர் தர்ற அழுத்தம் போதாதுன்னு, ஒண்ணுக்கு மேல ஒண்ணா பல ஸ்டேஜ் அடுக்கியிருப்பாங்க. ஒவ்வொரு ஸ்டேஜும் அழுத்தத்தைக் கூட்டி அடுத்ததுக்குத் தரும். மோட்டார் அடியில, பம்பு மேல, நடுவுல தண்ணி நுழையுற சல்லடை. மோட்டாரை உரசிக்கிட்டு ஓடுற தண்ணிதான் அதைக் குளிர வைக்குது. கோடையில தண்ணி விட்டு விட்டு வந்தா உடனே நிறுத்திடுங்க. ஊத்து ஊறட்டும். இல்லைன்னா காயில் கருகிடும்.