காது கேளாத காவல்காரன்

இரவு 11.30 மணி. இரண்டாம் ஷிப்டு முடித்து, காலிச் சோற்று டப்பாவோடு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலிருந்து வீடு திரும்பும் தோழர்களைக் கேளுங்கள். எந்த முனையிலே எந்த நாய் எழுந்து வரும் என்று வரிசையாகச் சொல்வார்கள். நம் தெரு முனையிலே எழுந்து வருபவன் கருப்பன். முதலில் ஒரு குரைப்பு, "யார் அங்கே?" என்று கேட்பது போல! அடுத்து மோப்பம். பிறகு வாலாட்டம். அதன் பிறகு வாசற்படி வரை வழித்துணை. தெருவிளக்கு எரியாத நாட்களிலே அந்தக் குரைப்பை நம்பி நாம் நடந்ததுண்டு.

இப்போது கருப்பன் எழுவதில்லை. தெருவின் நட்ட நடுவிலே படுத்திருக்கிறான். வண்டி வருகிறது, ஹாரன் அலறுகிறது, ஓட்டி வந்தவர் வாய்க்கு வந்தபடி வைகிறார். கருப்பன் அசையவில்லை. "என்ன திமிர் பார்" என்கிறார் ஒருவர். "செத்துவிட்டதோ?" என்கிறார் மற்றொருவர். திமிரும் இல்லை, சாவும் இல்லை. கருப்பனுக்குக் காது கேட்கவில்லை. வயது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பகலெல்லாம் வெயில் குடித்த தார்ச்சாலை இரவிலே இதமாகச் சூடு கொடுக்கிறது. மூட்டு வலித்துக் கிடக்கும் கிழட்டு நாய்க்கு வேறு எந்த மருத்துவமனை ஒத்தடம் தரப்போகிறது?

கூலியைப் பற்றி எழுத வேண்டிய இடத்திலே, உரிமையைப் பற்றி எழுத வேண்டிய இடத்திலே, நாயைப் பற்றியா எழுதுவது என்று நகைக்கும் தோழர்கள் இருப்பார்கள். நகைக்கட்டும். கூலிக்கும் வருவோம்.

நம் தெருவிலே கிழடுகள் மூன்று. கருப்பன் ஒன்று. இட்லிக்கடை ஆயாவோடு பத்தாண்டுகளுக்கு மேல் காலந்தள்ளும் வெள்ளச்சி இரண்டு. மூன்றாவது ஒரு லாப்ரடார். ஒருநாள் விடியற்காலை கொரட்டூர் ஏரிக்கரையிலே கழுத்துப் பட்டையோடு நின்றுகொண்டிருந்தது அது. முகவாயெல்லாம் நரை, இரண்டு கண்ணிலும் நீலப் புகை. வருகிற கார் ஒவ்வொன்றின் பின்னாலும் நாலு எட்டு ஓடுவதும், திரும்பி வந்து பழைய இடத்திலேயே நிற்பதுமாக இருந்தது. கொண்டு வந்து விட்டவர் யார் என்று நமக்குத் தெரியாது. குட்டியாக இருந்தபோது மடியிலே வைத்துப் படம் எடுத்திருப்பார்கள், விருந்தாளிக்குக் காட்டிப் பெருமைப்பட்டிருப்பார்கள், கைகொடுக்கக் கற்றுத் தந்திருப்பார்கள். கிழடானதும் கதவைத் திறந்து இறக்கிவிட்டார்கள். இன்றைக்கும் அது, டீக்கடை மாஸ்டர் நீட்டுகிற பன்னைக் கவ்வுவதற்கு முன், ஒரு காலைத் தூக்கிக் கைகொடுக்கிறது!

கிழநாயின் நாள் எப்படிக் கழிகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? எழுவதே ஒரு வேலை. முன்கால் இரண்டையும் ஊன்றி, சற்று இளைப்பாறி, பின்கால் ஒன்றை இழுத்து, மற்றதை இழுத்து, நிமிர்ந்து நிற்க ஒரு நிமிடம் ஆகிறது வெள்ளச்சிக்கு. காலையிலே வெயிலைத் தேடிப் படுக்கிறது. பத்து மணிக்கு நிழலைத் தேடிப் போகிறது. நிழல் நகர நகர அதுவும் நகர்கிறது. பல் போய்விட்டதால் ஆயா இட்லியைச் சாம்பாரிலே பிசைந்து வைக்கிறாள். "எனக்கும் பல் இல்ல, அதுக்கும் பல் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடுதான் சாமி" என்கிறாள்.

மார்கழி வந்தால் ஊரே விழிக்கிறது, நாலரை மணிக்கு ஒலிபெருக்கி வைத்துப் பக்தியைப் பொழிவதால்! இரவுப் பணி முடித்துவந்த தொழிலாளி விழிக்கிறான், கைக்குழந்தை விழிக்கிறது, மறுநாள் தேர்வுக்குப் போகவேண்டிய பிள்ளை விழிக்கிறது. தெருவிலே நிம்மதியாகத் தூங்கும் ஒரே உயிர் கருப்பன். தீபாவளி வெடிக்கும் அப்படித்தான். முன்பு லாரிக்கு அடியிலே ஒடுங்கி நடுங்கியவன், இப்போது சரவெடிக்கு நடுவிலே குறட்டை விடுகிறான். முதுமை அவனுக்குத் தந்த சலுகை அது ஒன்றுதான்.

நாயின் ஓராண்டு மனிதனின் ஏழாண்டு என்பார்கள். அந்தக் கணக்குச் சரியில்லை என்று 2020-ல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். லாப்ரடார் நாய்களின் மரபணுவில் வயதுக்கேற்ப ஏற்படும் மாறுதல்களை மனிதனுடையவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு வயது நாய் ஏறத்தாழ 31 வயது மனிதனுக்கு ஈடு. 7 வயது நாய் 62-க்கு. 12 வயது நாய் 71-க்கு. ஓடி ஆடும் பருவம் ஒரு கண்சிமிட்டல். மற்றதெல்லாம் நீண்ட முதுமை! கண்ணிலே தெரிகிற நீலப் புகை பெரும்பாலும் கண்வில்லை முதிர்ந்து கெட்டிப்படுவதால் வருவது. அதனால் பார்வை முற்றும் போய்விடாது. கண்புரை வேறு, அதுதான் பார்வையை அடைப்பது.

வெள்ளச்சி இரவிலே சுற்றிச் சுற்றி வருகிறது. சுவரைப் பார்த்துக் குரைக்கிறது. ஊளையிடுகிறது. நம் தெருவிலே இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம் என்ன தெரியுமா? எமன் அதன் கண்ணுக்குத் தெரிகிறானாம்! பகலிலே எதிரே வரும் சைக்கிள் தெரியாத கண்ணுக்கு, பாசக்கயிறும் எருமையும் பளிச்சென்று தெரிகின்றனவாம்! அந்த நேரத்திலே ஒரு வீட்டுப் பாட்டி காய்ச்சலாகக் கிடந்தார். நாய் ஊளையிட்டால் சாவு நிச்சயம் என்று யாரோ சொல்ல, அந்த வீட்டு இளைஞன் கல்லெடுத்தான். வெள்ளச்சியின் விலாவிலே பட்டது. நான்கு நாள் அது எழவில்லை. பாட்டியோ மறுநாள் காலை திண்ணையிலே உட்கார்ந்து காப்பி குடித்தார். இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார். எமனைத் துரத்தக் கல்லெறிந்த அந்தத் தம்பி பொறியியல் படித்தவர் என்பதையும் சொல்லி வைக்கிறோம். நாய்க்கும் மூளை முதிர்கிறது. நம் வீட்டுத் தாத்தா நடுச்சாமத்தில் எழுந்து "வேலைக்கு நேரமாச்சு" என்று சட்டையைத் தேடுவதில்லையா? அதே மறதி நோய்தான். இரவும் பகலும் குழம்புகின்றன, பழகிய சுவரே புதியதாகத் தெரிகிறது, பயத்திலே குரைக்கிறது.

புராணங்கள் நாயைப் போற்றவில்லையா என்று சிலர் கேட்கக் கூடும். போற்றுகின்றன! பைரவரின் பக்கத்திலே கல்லாய் நிற்கும் நாய்க்கு மாலை விழுகிறது. கோயில் வாசலிலே உயிரோடு நிற்கும் நாய்க்கு விழுவது கல். பாரதத்தின் இறுதியிலே ஒரு கட்டம் வருகிறது. தருமன் சொர்க்க வாசலிலே நிற்கிறான். கூட வந்த நாயை விட்டுவிட்டு வா என்கிறான் இந்திரன். விடமாட்டேன் என்கிறான் தருமன். நல்ல கட்டம்! அங்கேயே நிறுத்தியிருந்தால் நாமும் கைதட்டியிருப்போம். உடனே நாய் மறைகிறது, தருமதேவதை தோன்றுகிறது! ஆக, வந்தது நாயே இல்லை. வெறும் நாயாகவே இருந்திருந்தால் உள்ளே விட்டிருப்பார்களா என்பதற்குக் கதாகாலட்சேபக்காரர்கள் பதில் சொல்வதில்லை. கிரேக்கத்துக் ஹோமரின் ஒடிசியிலும் ஒரு கிழநாய் வருகிறது. இருபதாண்டு கழித்துப் பிச்சைக்காரன் வேடத்திலே வீடு திரும்பும் ஒடிசியஸை, சாணக் குவியலின் மேல் கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஆர்கோஸ் அடையாளம் காண்கிறது. எழ முடியவில்லை, வாலை மட்டும் ஆட்டுகிறது, உயிர் போகிறது. அது தேவதையாக மாறவில்லை. கடைசி வரை நாய்தான்.

இவ்வளவு சொன்னதால் நாய் கடிப்பதே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. கடிக்கிறது. கடிபடுவது யார்? காரிலே போகிறவரா? விடியற்காலை நடந்து வேலைக்குப் போகிற தொழிலாளி, தெருவிலே விளையாடுகிற அவன் பிள்ளை, பால் பாக்கெட் போடுகிற பையன்! சென்ற ஆண்டு நம் தெருவிலே ஏழு வயதுப் பெண் குழந்தையைக் கெண்டைக்காலில் ஒரு நாய் கடித்துவிட்டது. எங்கிருந்தோ புதிதாக வந்த இளநாய் அது. நாம் போய்ச் சேர்வதற்குள் காயத்திலே மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அப்பியிருந்தார்கள். மந்திரிக்கிறவரைக் கூப்பிட ஆள் போயிருந்தது. துடைத்தெறிந்தோம். குழாயடியிலே உட்கார வைத்து, சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரிலே 15 நிமிடம் கழுவினோம். குழந்தை கதறியது, பாட்டி நம்மைத் திட்டினாள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவினோம். பிறகு அரசு மருத்துவமனை. முதல் ஊசி அன்றைக்கே. அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களிலே மற்றவை. காயம் ஆழமாக இருந்ததால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தும் போட்டார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பதெல்லாம் பழங்கதை, தோழர்களே. இன்று கையிலே போடுகிறார்கள். அரசு மருத்துவமனையிலே காசும் இல்லை. அலட்சியமாக விட்டு, வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால், பிறகு காப்பாற்ற மருந்தில்லை. 1885 ஜூலை 6-ல் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் முதல் ஊசியைப் போடச் செய்தார். 1907-ல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் மந்திரிக்க ஆள் தேடுகிறோமே!

கிழநாயிடத்திலும் எச்சரிக்கை வேண்டும். காது கேளாததைத் திடீரென்று தொட்டு எழுப்பினால், பயந்து பல்லைப் போடும். சற்றுத் தள்ளி நின்று தரையிலே காலைத் தட்டுங்கள். அதிர்வு தெரிந்து அதுவே எழும். தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

கருப்பனின் காது நுனியிலே ஒரு சிறு வெட்டு இருக்கிறது. கருத்தடை செய்யப்பட்டவன் என்பதற்கு அடையாளம். பிடித்துக் கொல்வதுதான் ஒரு காலத்திலே சென்னை மாநகராட்சியின் வழக்கமாக இருந்தது. நூறாண்டுக்கு மேல் கொன்றும் நாய் குறையவில்லை. கொன்ற இடத்திலே குப்பை இருந்தது. குப்பை இருந்த இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்தது. 1990-களிலே கொல்வதைக் கைவிட்டுக் கருத்தடைக்கு மாறினார்கள். 2001-லும் 2023-லும் அதற்கு மத்திய அரசின் விதிகள் வந்தன. விதி வந்தது, வேலை நடந்ததா? 2018-ல் சென்னையில் சுமார் 57,000 என்று எண்ணப்பட்ட தெருநாய்கள், 2024 கணக்கெடுப்பிலே சுமார் 1.81 லட்சம்! நாய்மேல் பழிபோட்டுப் பயன் என்ன? கருத்தடை நிலையங்களும் மருத்துவர்களும் போதாமல் போனதற்கு நாயா பொறுப்பு?

2025 ஆகஸ்டு 11-ல், தில்லி வட்டாரத்துத் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உச்சநீதிமன்றத்தின் இருவர் அமர்வு. 22-ல் மூவர் அமர்வு அதைத் திருத்தியது: கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடவேண்டும், வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது, சோறு வைக்கத் தனி இடம் ஒதுக்கவேண்டும் என்றது. நவம்பர் 7-ல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் ஆகியவற்றிலுள்ள நாய்களை அகற்றி, திரும்ப அங்கே விடக்கூடாது என்றும் கூறியது. அந்தச் செய்திகள் நம் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது ஒரே வாக்கியமாகச் சுருங்கியிருந்தன: "நாயையெல்லாம் பிடிக்கச் சொல்லிவிட்டார்கள்!"

புதிதாக எழும்பிய அடுக்குமாடி வீட்டாரிடமிருந்து ஒரு மனு புறப்பட்டது. மூன்று கிழநாய்களையும் அகற்றவேண்டும், அவற்றால் தெருவுக்கு எந்தப் பயனும் இல்லை என்பது வாசகம். கையெழுத்துக் கேட்டு வீடு வீடாக வந்தார்கள். பலரும் போட்டார்கள். ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி ஒருவர் வீட்டு வாசலிலே மனு நின்றது. அவர்தான் நாள்தோறும் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஒன்றைக் கருப்பனுக்குப் பிரித்துப் போடுகிறவர். முப்பத்தோராண்டு இயந்திரத்தோடு நின்று அவருக்கும் ஒரு காது கேட்காது. சேமநிதி ஓய்வூதியத் திட்டத்திலே குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-ல் நிர்ணயித்தார்களே, அதைவிடச் சில நூறுதான் அவருக்குக் கூடுதலாக வருகிறது.

மனுவை இரண்டு முறை படிக்கச் சொன்னார். படித்தார்கள்.

"'பயன் இல்லை'ன்னு எழுதியிருக்கே, அந்த வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க தம்பி. எனக்குக் கொடுத்த கடுதாசியிலயும் கிட்டத்தட்ட அதைத்தான் எழுதியிருந்தான். கடிக்குதுன்னு எழுதுங்க, போடறேன். யாரைக் கடிச்சுதுன்னும் சேர்த்து எழுதுங்க" என்றார்.

யாரைக் கடித்தது என்று எழுத முடியவில்லை. மூன்றும் யாரையும் கடித்ததில்லை. குழந்தையைக் கடித்த இளநாய்க்கோ காதிலே வெட்டில்லை. அதைப் பிடித்துக் கருத்தடை செய்யச் சொல்லி அதுவரை ஒருவரும் மனு எழுதவில்லை!

அன்று மாலை டீக்கடை வாசலிலே வாக்குவாதம் நீண்டது. அடுக்குமாடி வீட்டு அம்மையார் ஒருவர், "எங்க வீட்லயும் சின்னக் குழந்தை இருக்கு சார். பயம் எங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அந்தப் பயம் நியாயமானது, நாம் மறுக்கவில்லை. முடிவிலே மனு வேறு மனுவாயிற்று. காதுவெட்டு இல்லாத நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்ய வேண்டும், ஆண்டுதோறும் தடுப்பூசி போடவேண்டும், தெருக்கோடிக் காலிமனை ஓரத்தைச் சோறு வைக்கும் இடமாக ஒதுக்கவேண்டும், குப்பைத்தொட்டி நிரம்பி வழிவதற்குள் வண்டி வரவேண்டும். அம்மையாரே முதல் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது லேத் தொழிலாளி.

பட்டறையிலே வேலை செய்யும் தம்பிமார் இருவர், கிழிந்துபோன பாதுகாப்புச் சட்டை ஒன்றிலிருந்து ஒளிரும் பட்டையை வெட்டி, உள்ளே பழைய வேட்டித் துணி வைத்துத் தைத்து, மூன்று கழுத்துப் பட்டைகள் செய்தார்கள். வெள்ளச்சி அரை மணி நேரம் அதைக் கழற்றப் பார்த்துச் சோர்ந்து உட்கார்ந்தது. லாப்ரடார் வழக்கம்போலக் கைகொடுத்தது. கருப்பன் தூங்கிக்கொண்டிருந்தபோதே கட்டிவிட்டார்கள்.

நேற்று இரவு திரும்பி வரும்போது, முனையைத் தாண்டியதும் நம் வண்டி வெளிச்சத்திலே அந்தப் பட்டை பளிச்சிட்டது. அதே நட்டநடுத் தெரு. இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு சுற்றிப் போனோம். பின்னால் வந்த மூன்று வண்டிகளும் அப்படியே சுற்றிப் போயின. கருப்பன் எழுந்திருக்கவில்லை.