கடல் விலகும் நேரம்

"என்ன மாப்ளே, கடல எங்க காணோம்?"

பிப்ரவரி மாதம், ஒரு பௌர்ணமி நாள். காலை எட்டு மணிக்கு சிவ்டி துறையில் நின்றுகொண்டு மாமா கேட்டார். தூத்துக்குடிக்காரர். கடலைப் பார்த்தே வளர்ந்தவர். அவருக்கு முன்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சாம்பல் நிறச் சேறு. தண்ணீர் எங்கோ ஒரு வெள்ளிக் கோடாகத் தெரிந்தது. கரையோரப் படகுகள் சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

மும்பைக்கு வரும் உறவினர்களை நாம் எங்கே கூட்டிப்போகிறோம்? சாயங்காலம் ஜூஹூ, மறுநாள் கேட்வே, நேரம் இருந்தால் படகேறி எலிஃபெண்டா குகை. அதில் ஒன்றும் குறையில்லை. ஆனால் திலக் நகரில் இருபது வருஷமாகக் குடியிருக்கிற எனக்கே, நான் இருப்பது ஒரு தீவின் கரை என்பது உறைக்க வெகுகாலம் ஆயிற்று. வடக்கே வசை ஓடை, கிழக்கே தாணே கழிமுகம், மேற்கே அரபிக்கடல். நடுவில் நாம். லோக்மான்ய திலக் டெர்மினஸில் இறங்கும் நம் ஊர்க்காரர் காலை வைப்பதே ஒரு காலத்துச் சதுப்பின் ஓரத்தில்தான். குர்லா என்ற பெயர் மராத்தியில் நண்டைக் குறிக்கும் 'குர்லி'யிலிருந்து வந்தது என்பார்கள். செம்பூருக்கும் 'சிம்போரி' என்ற பெருநண்டைக் காரணம் காட்டுவார்கள். இரண்டு நண்டுகளுக்கு நடுவே இருக்கிறது திலக் நகர்.

இந்தத் தீவின் கரையைப் பார்க்க டிக்கெட் வேண்டாம். ஓதம் ஏறி இறங்கும் நேரம் தெரிந்தால் போதும்.

மாமாவின் ஆச்சரியத்துக்குக் காரணம் இருக்கிறது. தூத்துக்குடியிலும் சென்னையிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். கரையில் நிற்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. மும்பையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அது நான்கு மீட்டரைத் தாண்டும். ஒரு மாடி உயரத்துக்கும் மேல்! நிலா ஒன்றுதான், இழுப்பும் ஒன்றுதான். வித்தியாசம் கடலடியில் இருக்கிறது. சென்னைக்கு வெளியே ஆழமில்லாத கடல்மேடை சில பத்து கிலோமீட்டரிலேயே முடிந்து, தரை செங்குத்தாக இறங்கிவிடும். மும்பைக்கு வெளியே அந்த மேடை சுமார் 300 கிலோமீட்டர் அகலம். ஆழ்கடலிலிருந்து வரும் ஓத அலை அந்த மேட்டில் ஏறும்போது, பரவ ஆழமில்லாமல் உயரமாகிறது. வடக்கே காம்பே வளைகுடாவில் கரைகள் இரண்டும் நெருங்குவதால் இன்னும் பொங்கி, பாவ்நகர் பக்கம் பத்து மீட்டரைத் தொடுகிறது.

மராத்திக்காரர்கள் ஏற்றத்தை 'பர்த்தி' என்றும் வற்றத்தை 'ஓட்டி' என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரு நாளில் இருமுறை வரும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். மும்பையில் ஒரு வசதி உண்டு. பௌர்ணமி, அமாவாசை நாள்களில் ஏற்றம் நடுப்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வரும், வற்றம் காலையிலும் மாலையிலும் ஆறு ஏழு மணிக்கு வரும். வீட்டில் தினசரி நாள்காட்டி தொங்குகிற எவரும் இதை வைத்தே திட்டம் போட்டுவிடலாம்.

திலக் நகரில் ஹார்பர் லைன் வண்டி ஏறினால் குர்லா, சுனாபட்டி, குரு தேக் பகதூர் நகர், வடாலா, அடுத்தது சிவ்டி. இறங்கிக் கிழக்கே நடந்தால் துறை.

சேற்றை முதலில் காலடியிலேயே பார்க்கச் சொல்வேன். நாங்கள் குந்தி உட்கார்ந்து அசையாமல் இருந்தோம். இரண்டு நிமிஷத்தில் சேறு உயிர்பெற்றது. வளைகளிலிருந்து கட்டைவிரல் நகம் அளவு நண்டுகள் வெளியே வந்தன. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு. அதைத் தூக்கித் தூக்கி அசைத்துப் பெண்ணை அழைக்கிறது, மற்ற ஆணை மிரட்டுகிறது. சாப்பிட அந்தப் பெரிய கொடுக்கு உதவாது. சின்னதால்தான் சேற்றைக் கிள்ளி வாயில் வைத்து, அதில் ஒட்டிய பாசியையும் நுண்ணுயிரையும் வழித்துக்கொண்டு, மிச்சத்தைக் குட்டி உருண்டையாக வெளியே வைக்கிறது. ஒவ்வொரு வளையைச் சுற்றியும் அந்த உருண்டைகள் கடுகு கொட்டினதுபோலக் கிடந்தன. பக்கத்தில் 'நிவ்டி' ஒன்று துடுப்பை ஊன்றித் தத்தியது. மீன்தான், ஆனால் செவுள் அறையில் தண்ணீரை அடக்கிக்கொண்டு, ஈரத்தோல் வழியாகவும் மூச்சு வாங்கியபடி தரையில் உலவும். கண் இரண்டும் உச்சந்தலையில்.

"மீனு நடக்குது பாரு," என்று மாமா மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு வெகுநேரம் அவர் பேசவில்லை.

ஒன்பது மணிக்கு மேல் ஏறிவந்த தண்ணீர் கரையை நெருங்க ஆரம்பித்தது. தூரத்தில் இளஞ்சிவப்புப் பட்டையாகத் தெரிந்தது தண்ணீரோடு சேர்ந்து எங்களை நோக்கி நகர்ந்தது. பூநாரைகள். முழு வற்றத்தில் போனால் அவை எட்டாத தூரத்தில் இருக்கும், முழு ஏற்றத்தில் போனால் இருக்கவே இருக்காது. உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னாலோ பின்னாலோ போவதுதான் கணக்கு.

பூநாரை தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்துச் சாப்பிடுகிற பறவை. நாக்கு பிஸ்டன்போல முன்னும் பின்னும் போய் நீரை உறிஞ்சித் தள்ளும். அலகின் உள்ளோரத்திலிருக்கும் மெல்லிய தகடுகள் சல்லடையாகி உணவைப் பிடித்துக்கொள்ளும். பெரும் பூநாரையின் சல்லடைக் கண் பெரிது. அது இறால் குஞ்சு, புழுக்களைப் பிடிக்கும். கருஞ்சிவப்பு அலகுள்ள சிறு பூநாரையின் சல்லடை மிக நுண்ணியது. நீலப்பச்சைப் பாசியே அதன் சாப்பாடு. அந்தப் பாசியிலுள்ள கரோட்டினாய்டுதான் இறகில் ஏறிச் சிவப்பாகிறது. குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம்தான்.

கட்ச் பாலைச் சதுப்பில் இனப்பெருக்கம் செய்கிற இவை 1990-களிலிருந்துதான் இங்கே பெருங்கூட்டமாகத் தென்படத் தொடங்கின. நம் சாக்கடை கழிமுகத்தில் கலந்து பாசி பெருகியதும் இதற்கு ஒரு காரணம் என்பது பறவையியலாளர் கருத்து. இதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாசிக்கு உரமாகும் கழிவு அளவு மீறினால் நீரின் ஆக்சிஜனையே தின்றுவிடும். தாணே கழிமுகத்தில் 1,690 ஹெக்டேர் 2015-இல் பூநாரைச் சரணாலயம் ஆயிற்று. 2022-இல் ராம்சார் தகுதியும் வந்தது. ஐரோலியில் வனத்துறையின் படகும் விடுகிறார்கள், ஓத நேரத்தைப் பார்த்து.

ஏற்றத்தில் சேறு மூழ்கியதும் இந்தப் பறவைகள் எங்கே போகும்? எதிர்க்கரையில் நவி மும்பையின் சதுப்புக் குளங்களுக்குப் போய் நின்று இளைப்பாறும். இரவானாலும் பகலானாலும் ஓதம்தான் அவற்றுக்குக் கடிகாரம். 2024 மே 20 இரவு, எங்கள் பேட்டையை ஒட்டிய காட்கோபரில், தரையிறங்க வந்த விமானத்தில் மோதி முப்பத்தொன்பது பூநாரைகள் செத்து விழுந்தன. காலையில் தெருவிலும் கட்டடங்களுக்கு நடுவிலும் கிடந்த இறகுகளை அள்ளினார்கள். அன்று மட்டும் அத்தனை பறவைகள் அந்த உயரத்தில் ஏன் பறந்தன என்று பல காரணம் சொன்னார்கள். இளைப்பாறும் குளங்களில் கைவைத்தால் பறவை பாதையை மாற்றத்தான் செய்யும். குளங்களை விட்டுவையுங்கள் என்று கேட்பது பறவைக்காக மட்டும் இல்லை.

துறையோரத்து அலையாத்தியில் ஓர் இலையைப் பறிக்காமல் திருப்பிக் காட்டினேன். பொடி உப்பு மின்னியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்த மாமா, "நம்ம புன்னக்காயல்ல நிக்கிற மரம்லா இது!" என்றார். ஆமாம், அதே வெண்கண்டல். தாமிரபரணி முகத்துவாரத்திலும் இது நிற்கிறது. வேர் கடல்நீரின் உப்பில் பெரும்பகுதியை வெளியிலேயே நிறுத்திவிடும். மீறி வந்ததை இலைச் சுரப்பிகள் வெளியேற்றும். மரத்தைச் சுற்றிப் பென்சில் நட்டுவைத்ததுபோல நிற்பவை மூச்சுவேர்கள். காற்றில்லாச் சேற்றில் புதைந்த வேருக்கு அவைதான் மூக்கு.

இந்தச் சதுப்பை இழந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு மழைநாள் காட்டியது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே பிற்பகல் கடலில் ஏற்றம். மிட்டி ஆற்றின் வெள்ளம் போக வழியில்லாமல் குர்லாவுக்குள் திரும்பியது. ஆறு விரிய வேண்டிய சதுப்பில் நாம் வீடு கட்டியிருந்தோம். அந்த அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அலையாத்தியை வெட்டத் தடை விதித்தது. இன்றும் குப்பையும் மண்ணும் கொட்டி அதைச் சாகடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்றநீர் வந்துபோகும் வாய்க்காலை அடைத்துவிட்டால் போதும், வெட்டாமலேயே மரம் பட்டுப்போகும்.

நடுப்பகல் ஏற்றத்தில் பார்க்க ஒன்றுமில்லை. மாட்டுங்காவில் இலைச் சாப்பாடு சாப்பிட்டோம்.

மாலை ஐந்தேகாலுக்கு ஹாஜி அலி. இங்கே எல்லாருக்கும் ஓதக் கணக்கு தெரியும். தர்காவுக்குப் போகும் பாதை ஏற்றத்தில் மூழ்கிவிடும். வற்றும்வரை பக்தர்கள் கரையில் காத்திருப்பார்கள். பாதைக்கு அருகே வெளிப்படும் கரும்பாறை, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஓடிய எரிமலைக் குழம்பு உறைந்தது. எலிஃபெண்டாவில் சிற்பமானதும் அந்தக் காலத்துப் பாறைதான். குழிகளில் தேங்கிய நீரில் கடல் சாமந்தி, சிப்பி, ஓட்டைக் கடன்வாங்கிய துறவி நண்டு, சின்னப் பவளக்கூட்டம். கடற்கரைச் சாலைக்காக 2020-இல் இப்பக்கத்துப் பவளங்கள் சிலவற்றைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' என்ற குழு 2017-இலிருந்து பொதுமக்களை இந்த மாதிரிக் கரைகளில் நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுகிறது. முதல்முறை போகிறவர்கள் அவர்களோடு போவது நல்லது. பாறை வழுக்கும். எதையும் தொடக்கூடாது, எந்தக் கல்லையும் புரட்டக்கூடாது.

ஒரு பாறையில் பச்சை ஜமுக்காளம் விரித்ததுபோல சோவாந்திட் என்ற கடலுயிரிகளின் கூட்டம். தண்ணீர் இல்லாததால் ஒவ்வொன்றும் வாயை இறுக்கி மூடி, குண்டு குண்டான பொத்தானாக இருந்தது. வற்றம் முடிந்து ஓதம் திரும்பியது. முதல் அலை பாறையின் ஓரத்தை நனைத்துவிட்டுப் போனது, இன்னொன்று குழியை நிரப்பியது. நனைந்த பொத்தான்களில் ஒன்று மெல்லத் திறந்து, சுற்றிலும் மயிரிழை விரல்களை விரித்தது. பக்கத்தில் இன்னொன்று. மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். நான்தான் கையைப் பிடித்து எழுப்பினேன். நாங்கள் கரையேறித் திரும்பிப் பார்த்தபோது அந்தப் பாறையின் பாதி தண்ணீருக்குள் போயிருந்தது.